கோலிக்குண்டு, ஒட்டுப்பால் பந்து, இரண்டு தராசு: ஒன்பதாம் வகுப்பில் விசையும் ஆற்றலும்

வகுப்பும் கைவசம் இருந்ததும்

கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 36 பிள்ளைகள், ஆறு குழுக்கள். பாடவேளை 40 நிமிடம். இந்த அலகுக்கு ஒதுக்கியது எட்டுப் பாடவேளை. ஆய்வகம் பெரிய வகுப்புகளுக்கே போதாததால் எல்லாச் செயல்பாடும் வகுப்பறைத் தரையிலும் வராந்தாவிலும் நடந்தது. காலம் ஜூலை, விட்டுவிட்டுச் சாரல். பிள்ளைகளில் கணிசமானோர் ரப்பர் மரம் நிற்கும் மேட்டுப் பகுதிக்காரர்கள். சிலர் குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள். இந்த இரண்டும் பின்னால் பாடத்துக்குக் கைகொடுத்தன.

வாங்கிய பொருள்கள் குறைவு. சுவரில் மின்கம்பி ஓட்டப் பயன்படும் 25 மி.மீ. பிவிசி கேசிங் பட்டி, 2 மீட்டர் நீளத்தில் ஆறு. 16 மி.மீ. கண்ணாடிக் கோலி ஒரு டஜன். காகித டீக் கப், ரப்பர் பேண்டு, ஸ்டீல் அளவுநாடா, தொங்கு தராசு இரண்டு. செல்பேசி ஆசிரியரிடம் இருந்த ஒன்று மட்டும். அது போதும், ஒன்று மட்டும் இருந்ததே நல்லது என்பது சாய்பட்டிச் செயல்பாட்டில் தெரிந்தது.

எல்லாச் செயல்பாட்டுக்கும் ஒரே விதி: செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. அழிரப்பர் கையில் இருந்தால் விடை தெரிந்ததும் கணிப்பு மாறிவிடுகிறது. பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்பவர்கள் மட்டுமே வகுப்பில் மிஞ்சுவார்கள்.

சிக்கல் சொல்லிலேயே இருந்தது

முதல் பாடவேளையில் கருவி எதுவும் எடுக்கவில்லை. ஒரு பந்தை ஆசிரியர் நேரே மேலே வீசிப் பிடித்தார். பந்து கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசை, எந்தத் திசையில் என்று அம்புக்குறி போடச் சொன்னார். பாதிக்கு மேற்பட்டோர் மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு போட்டார்கள். காரணம் கேட்டபோது ஒரு பையன் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும்: "நாம எறிஞ்ச வெசை பந்துக்குள்ள இருக்குல்லா சார். அது தீந்த உடனே கீழ வருது."

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கினால் அலகு முழுவதும் வீண். பையன் சொல்வதில் உண்மை ஒன்று இருக்கிறது. பந்துக்குள் ஏதோ இருப்பதும், மேலே போகப் போக அது குறைவதும் சரிதான். அதன் பெயர் விசை இல்லை, இயக்க ஆற்றல். விசை என்பது ஒரு பொருளுக்குள் தங்கியிருக்கும் சரக்கு அல்ல. இரண்டு பொருள்களுக்கு இடையே நடக்கும் தள்ளல் அல்லது இழுப்பு. கை விலகியதும் கையின் விசையும் முடிந்தது. அதன் பிறகு பந்தின்மேல் இருப்பது புவியின் இழுப்பும், காற்றின் சிறு தடையும்தான். பந்து மேலே போகும்வரை இரண்டுமே கீழ்நோக்கித்தான் வேலை செய்கின்றன.

வீட்டுத் தமிழில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. பலம், சக்தி, வேகம், தெம்பு எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும். எடை என்றால் கடையில் கிலோ. பாடநூலில் கிலோவில் சொல்வது நிறை, எடைக்கு நியூட்டன். மோட்டார் 'ஒரு எச்.பி.' என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அது 746 வாட், அதாவது ஒரு வினாடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்ற திறன் என்பது தெரியாது. கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டி கோடு போட்டு அலகு முடியும்வரை அழிக்காமல் வைத்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் சொல்லும் சொல், எதிரே அந்த இடத்தில் அது குறிப்பது விசையா, ஆற்றலா, திறனா, உந்தமா (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கியது). 'பலம்' என்ற ஒரே சொல் நான்குக்கும் எதிரே வந்தது. வீட்டுச் சொல்லைத் தப்பென்று அடிக்காமல், எந்த நேரத்தில் எதைக் குறிக்கிறது என்று பிரித்தது நல்ல முடிவு.

சாய்ந்த பட்டி

நோக்கம்: மாறா விசையில் உருளும் பொருள் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு தூரம் போகிறது என்று கையால் அளப்பது.

முதல் முயற்சி கெட்டது. பட்டியின் ஒரு முனையை நாற்காலிமேல் வைத்தார்கள். கோலி ஒன்றரை வினாடிக்குள் கீழே வந்துவிட்டது. நிறுத்துக்கடிகாரத்தை அழுத்துவதில் மட்டும் 0.2 முதல் 0.3 வினாடி வரை பிசகும். ஒன்றரை வினாடியில் அது ஆறில் ஒரு பங்கு. ஒரே உயரத்துக்கு மூன்று குழு மூன்று விடை சொன்னதில் அதிசயம் இல்லை.

மாற்று வழி இரண்டு மாற்றங்கள் கொண்டது. ஒன்று, சாய்வை வெகுவாகக் குறைப்பது: 2 மீட்டர் பட்டியின் மேல்முனை தரையிலிருந்து 6 செ.மீ. மட்டும். இரண்டு, கடிகாரத்தை விட்டுவிட்டுத் தாளத்துக்கு மாறுவது. செல்பேசியில் தாளம் தட்டும் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று ஓடவிட்டார்கள். ஆறு குழுவுக்கும் அந்த ஒரே தட்டுதான். திடீரென்று வரும் நிகழ்வுக்கு விரல் தாமதமாக அசையும். ஆனால் அடுத்த தட்டு எப்போது வரும் என்பதை உடம்பு முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். கைதட்டிப் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது.

செய்முறை இப்படி. பட்டியை வெறும் தரையில் ஒரு முனை தூக்கி வைத்தால் நடுவில் தொய்யும். கோலி முதல் பாதியில் அதிகமாக விரைந்து பின்பாதியில் தளரும். அதனால் ஒவ்வொரு 50 செ.மீ.க்கும் ஒரு தாங்கல்: 6, 4.5, 3, 1.5 செ.மீ. உயரத்துக்கு நோட்டுகளை அடுக்க வேண்டும். கோலியை விரலால் விடக் கூடாது, விரல் தள்ளிவிடும். பட்டிக்குக் குறுக்கே அளவுகோலைக் கதவுபோல் வைத்து, கோலி ஓடும் திசையிலேயே சட்டென்று விலக்க வேண்டும். "மூணு, ரெண்டு, ஒண்ணு, விடு" என்பதில் 'விடு' ஒரு தட்டின்மேல் விழ வேண்டும். பட்டியோரம் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டுதான் பொறுப்பு. தன் தட்டு விழும்போது கோலி இருக்கும் இடத்தில் பென்சில் கோடு. நான்கையும் ஒருவரே குறிக்க முயன்றால் கண் கோலியின் பின்னால் ஓடிக் கோடெல்லாம் பிந்திவிடும். ஐந்து முறை ஓட்டி நடுமதிப்பை எடுக்க வேண்டும்.

வராந்தாவில் வைத்த இரண்டு குழுவுக்கு மட்டும் கணக்கு தாறுமாறானது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வராந்தாவைச் சரித்துத்தான் பூசியிருப்பார்கள். 2 மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு சாதாரணம். நாம் வைத்த 6 செ.மீ.யில் அது மூன்றில் ஒரு பங்கு! தரையில் வெறும் கோலியை வைத்து அது தானாக ஓடுகிறதா என்று பார்ப்பது முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருப்பதுபோல் தண்ணீர் நிரப்பிய டியூப் ஒன்று இருந்தால் பட்டியின் இரண்டு முனைக்கும் உண்மையான உயர வேறுபாட்டை நேரே எடுத்துவிடலாம்.

கணிப்புத் தாளில் பெரும்பாலோர் சம இடைவெளி எழுதியிருந்தார்கள். கொஞ்சம் யோசித்தவர்கள் ஒவ்வொரு வினாடியும் இரட்டிக்கும் என்றார்கள்: 10, 20, 40, 80. ஒரு குழுவுக்குக் கிடைத்தது 9, 37, 85, 151 செ.மீ. அதை அப்படியே பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வினாடிக்குமான தூரத்தைத் தனியே கழித்தால் 9, 28, 48, 66. ஏறக்குறைய 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசை. கலிலியோ சாய்தளத்தில் உருண்டை ஓட்டிக் கண்டதும் இதே வரிசைதான். மொத்தத் தூரத்தை எடுத்தால் 1, 4, 9, 16: நேரத்தின் வர்க்கம். கரும்பலகையில் சூத்திரத்தை எழுதாமல் பத்து நிமிடம் பொறுத்ததால் இந்த வரிசையை மூன்று குழுக்கள் தாங்களே கண்டுபிடித்தன. முதல் எண் எப்போதும் கொஞ்சம் நொண்டும். விடும் கையின் பிழை முழுக்க அதில்தான் வந்து விழுகிறது. அதை வைத்து மற்றவற்றை வகுக்காமல், கடைசித் தூரத்திலிருந்து முடுக்கத்தைக் கணக்கிடுவது மேல்: இரண்டு முறை 151, அதை நான்கின் வர்க்கமான 16 ஆல் வகுத்தால் 18.9 செ.மீ./வி², அதாவது 0.19 மீ/வி².

இனிதான் விஷயம். 2 மீட்டருக்கு 6 செ.மீ. என்றால் நூற்றுக்கு மூன்று பங்கு சாய்வு. உராய்வே இல்லாமல் வழுக்கினால் முடுக்கம் 9.8-இன் நூற்றில் மூன்று பங்கு, 0.29. கிடைத்ததோ 0.19. மூன்றில் ஒரு பங்கு காணோம்.

"உராய்வு" என்று வகுப்பே கூவியது. எதையாவது காணவில்லை என்றால் பிள்ளைகளுக்கு உராய்வு ஒரு கைதேர்ந்த திருடன். கேள்வியே கேட்காமல் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சோதிக்க ஒரு பலகை, 4 அங்குல பிவிசி குழாயில் மூன்று விரல் அகலத்துக்கு அறுத்த வளையம், ஒரு கோலி. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஒன்றாக விட்டார்கள். பத்து முறை விட்டாலும் வளையம்தான் பிந்துகிறது. அறுத்த விளிம்பை வழவழப்பாகத் தேய்த்தாலும், பெரிய வளையம் கொண்டுவந்தாலும் மாற்றம் இல்லை. அப்படியானால் தடுப்பது உராய்வு மட்டும் அல்ல. உருளும் பொருள் முன்னால் போவதோடு சுழலவும் வேண்டும். உயரத்திலிருந்து இறங்கிய ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போகிறது. வளையத்தில் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் பாதி சுழற்சிக்குப் போய்விடும். திண்மக் கோளத்தில் ஏழில் இரண்டு பங்கு. மீதி ஏழில் ஐந்து பங்கை 0.29-இல் போட்டால் 0.21. கிடைத்த 0.19-க்கும் 0.21-க்கும் இடையில் உள்ளது உராய்வுக்கும் தாங்கல் பிசகுக்கும். இவ்வளவுதான் உராய்வின் பங்கு.

ஏழில் ஐந்து எங்கிருந்து வந்தது என்பதை ஒன்பதாம் வகுப்பில் நிறுவ முடியாது, நிறுவவும் இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டு, வளையப் பந்தயத்தை ஆதாரமாக வைத்து நகர்ந்தார்கள். அது சரியான சமரசம்.

கப் தள்ளும் தூரம்

அதே பட்டியில் 1 மீட்டர் வெட்டி, கீழ்முனையில் கோலி துள்ளாமல் தரைக்கு இறங்க மடிப்பட்டை (மடித்த பட்டை) ஒட்டி, அதன் எதிரே டீக் கப்பைக் கவிழ்த்து வாய்ப்பக்கம் கோலி நுழைய ஒரு வாசல் வெட்டி வைத்தார்கள். கோலி புகுந்து கப்பைத் தள்ளும். மடிப்பட்டை இல்லையென்றால் கோலி பட்டியின் நுனியில் துள்ளிக் கப்பின் மேல்பாகத்தில் இடித்துக் கவிழ்க்கும்.

கோலியை 5, 10, 15, 20 செ.மீ. உயரத்தில் விட்டபோது ஒரு குழுவில் கப் நகர்ந்தது 11, 23, 33, 45 செ.மீ. உயரம் இரட்டித்தால் தூரம் இரட்டிக்கிறது. இதில் யாருக்கும் வியப்பில்லை. வியப்பு அடுத்த கேள்வியில்: வேகம் இரட்டித்தால்? இரண்டு மடங்கு என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். 5 செ.மீ. உயரத்திலிருந்து வரும் கோலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 0.84 மீட்டர், இரட்டை வேகத்துக்கு 20 செ.மீ. உயரம் வேண்டும். அட்டவணையிலேயே விடை இருக்கிறது: 11 எங்கே, 45 எங்கே. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் பேருந்தும் 60-இல் வரும் பேருந்தும் ஒரே மாதிரி பிரேக் போட்டால் பின்னது சறுக்கும் தூரம் நான்கு மடங்கு.

சாரல் நாளில் ஒரு தொல்லை. கப்பின் விளிம்பு ஈரம் வாங்கிப் பிசுபிசுக்கும், தூரம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும். விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினால் தீர்ந்தது. கப் மாற்றினால் எல்லா உயரத்துக்கும் முதலிலிருந்து அளக்க வேண்டும்; பாதி அட்டவணை ஒரு கப்பில், பாதி இன்னொன்றில் என்பது கூடாது.

ஒட்டுப்பால் பந்து

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பின் பட்டையின் வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்தான் ஒட்டுப்பால். அதை நாடா நாடாக உரித்து இழுத்துச் சுற்றினால் பந்து. ஆசிரியர் சொன்ன மறுநாளே நான்கு பந்துகள் வந்தன, ஒன்று முஷ்டி அளவுக்கு.

1 மீட்டர் உயரத்திலிருந்து விட்டார்கள். ஒரு குழு அளந்தது 60 செ.மீ. சுற்றி. இங்கே பிழை கண்ணில்தான். நின்றபடி பார்த்தால் பந்தின் உச்சம் அளவுகோலில் தாழ்வாகத் தெரியும். பார்ப்பவர் தரையில் உட்கார்ந்து, எதிர்பார்க்கும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு முறை எங்கே வரும் என்று கண்டுபிடிக்க, அடுத்த ஐந்து முறை அளக்க. உயரத்தைப் பந்தின் அடிப்பாகத்திலிருந்து பார்ப்பதா, நடுவிலிருந்தா என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். விடும்போது அடி, எழும்போது தலை என்று பார்த்த ஒரு குழுவுக்குப் பந்தின் விட்டம் அளவுக்கு இலவச உயரம் கிடைத்தது.

ஒப்பிட ஒரு கணக்கு: பந்தய டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ.க்குள் எழ வேண்டும் என்பது விதி. அதுவும் பாதிக்குச் சற்று மேல்தான்.

"மிச்சம் எங்க போச்சு?" இந்தத் தடவை உராய்வு என்று உடனே யாரும் கத்தவில்லை, வளையம் செய்த நன்மை. ஒரு பெண் சொன்னாள்: "டக்குன்னு சத்தம் வருதுல்லா, அதுல." சத்தத்தில் போவது மிகச் சிறிது. பெரும்பகுதி பந்து நசுங்கி விரியும்போது வெப்பமாகிறது. அப்படியானால் பந்தைத் தொட்டால் சுட வேண்டாமா? இதைக் கணக்காகவே போட்டார்கள். 50 கிராம் பந்து, 1 மீட்டர்: 0.49 ஜூல். நூற்றுக்கு 40 பங்கு போனால் இழப்பு ஏறக்குறைய 0.2 ஜூல். 1 கிராம் ரப்பரை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1.9 ஜூல் வேண்டும். 50 கிராமுக்கு 95. ஆக வெப்பம் ஏறுவது டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. கொஞ்சமும் ஆறாமல் 500 முறை விழுந்தால்தான் 1 டிகிரி. கைக்குத் தெரியாததில் என்ன குறை?

கைக்குத் தெரிகிற வழி ரப்பர் பேண்டு. விரல் அகலப் பேண்டைச் சட்டென்று நான்கு மடங்கு இழுத்து உடனே மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடி இருபது வினாடி பிடித்துவிட்டு, தளர்த்தி மறுபடி வைத்தால் குளிர்ச்சி. (பேண்டு அறுந்தால் கண்ணில் படும். முகத்துக்கு நேரே இழுக்கக் கூடாது. இழுத்தபின்தான் உதட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காய்ந்து வெடித்த பேண்டு வேண்டாம்.)

இங்கேதான் வகுப்பில் ஒரு தவறான விளக்கம் புகுந்தது. இந்த இளஞ்சூடுதான் பந்து இழந்த ஆற்றல் என்று முதலில் சொல்லப்பட்டது. அது சரியல்ல. இழுக்கும்போது ஏறிய வெப்பத்தில் பெரும்பகுதி, தளர்த்தும்போது குளிர்ச்சியாகத் திரும்பிவிடுகிறது. ரப்பரின் இயல்பான குணம் அது. இழப்பு என்பது இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மிச்சம். அதைக் காட்ட ஒரே பேண்டை நிறுத்தாமல் நாற்பது, ஐம்பது முறை இழுத்து இழுத்துத் தளர்த்த வேண்டும். கடைசியில் தளர்ந்த நிலையிலும் பேண்டு வெதுவெதுப்பாக இருக்கும். அடுத்த பாடவேளையில் இதைச் செய்து திருத்தினார்கள்.

அந்த மிச்சத்தை அளக்கவும் முடியும். பேண்டில் ஒரு காலி பாட்டிலைத் தொங்கவிட்டு, சிரிஞ்சால் 50 மில்லி 50 மில்லியாகத் தண்ணீர் ஏற்றி (50 மில்லி என்றால் 50 கிராம்) நீளத்தைக் குறித்து, 500 வரை போய், அதே படிகளில் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். ஏற்றும்போது 200 கிராமில் 13.1 செ.மீ. இருந்த பேண்டு இறங்கும்போது அதே 200-இல் 14 செ.மீ. காட்டியது. வரைபடத்தில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. இடையிலுள்ள பரப்புதான் திரும்பி வராத ஆற்றல். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் காத்திருந்து படிக்க வேண்டும், ரப்பர் மெல்ல மெல்ல இன்னும் நீளும். ரப்பர் பேண்டைச் சுருள்வில்லுக்குப் பதிலாகத் தராசாக்கும் யோசனை பல செயல்பாட்டுக் குறிப்புகளில் வருகிறது. அது ஏன் ஆகாது என்பதற்கு இந்த வரைபடமே பதில்: கோடு நேராகவும் இல்லை, போன வழியே திரும்புவதும் இல்லை.

இரண்டு தராசு

இரண்டு தொங்கு தராசின் கொக்கியைக் கொக்கியோடு மாட்டி, ஆளுக்கொரு முனையில் இழுக்க வேண்டும். கணிப்பில் ஏறக்குறைய எல்லாரும் எழுதியது: பலசாலியின் தராசு அதிகம் காட்டும். இரண்டும் ஒன்றே காட்டின. உடனே யாரும் நம்பவில்லை. தராசு கெட்டது என்றார்கள். தராசை மாற்றிப் பிடிக்கச் சொன்னது நல்ல வழி.

தராசு உண்மையிலேயே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சுருள்வில் தராசைச் செங்குத்தாகப் பிடித்துச் சுழியம் சரிசெய்திருப்பார்கள். கிடையாகப் பிடித்தால் கொக்கியின் எடை வில்லை இழுக்காது, முள் சுழியத்துக்குக் கீழே போய்விடும். கிடையாகப் பிடித்தபடியே திருகைச் சரிசெய்ய வேண்டும். மின்னணுத் தராசென்றால் எண் நிலைத்ததும் தானாக உறைந்துவிடும் வகை இதற்கு உதவாது. ஓடும் எண் காட்டுவது வேண்டும். அது காட்டும் கிலோவை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன்.

அப்படியானால் வடமிழுப்பில் ஒருவர் எப்படி ஜெயிக்கிறார்? மெலிந்த ஒருத்தியை வெறுங்காலோடு சிமெண்டிலும், வகுப்பின் பெரிய பையனை வழவழப்பான தரையில் சாக்கின்மேலும் நிறுத்தினார்கள். அவள் இழுத்துவிட்டாள். தராசு இரண்டும் அப்போதும் ஒரே எண். வெற்றி காலுக்கும் தரைக்கும் இடையில் நடக்கிறது. கடற்கரைப் பிள்ளை ஒருவன் உடனே கரமடியை, கரையில் நின்று இழுக்கும் வலையை, சொன்னான்: மடி இழுப்பவர்கள் குதிகாலை மணலில் புதைத்துச் சாய்ந்து நிற்பது ஏன் என்று. வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. வலை ஆளை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே ஆள் வலையை இழுக்கிறார். ஆள் நகராமல் நிற்பது மணல் அவரைத் தள்ளுவதால்.

காற்றாடி, சுருக்கமாக

தென்னோலைக் காற்றாடியால் குண்டூசிக் கொத்தைத் தூக்கித் திறன் அளப்பது கடைசிச் செயல்பாடு. ஆரல்வாய்மொழி கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் இருக்கும் மாவட்டத்தில் இதை விட முடியாது. ஆனால் இரண்டு குழு மட்டுமே முடித்தது. காரணம் எளிது: ஓலைக் காற்றாடி முள்ளின்மேல் சும்மா சுழலும், முள் சுழலாது. வேலை செய்ய வேண்டுமானால் இதழை அச்சில் இறுக ஒட்டி, அச்சு பேனாக் குழாய்க்குள் சுழலும்படி வைத்து, மறுமுனையில் நூல் சுற்ற வேண்டும். இதை முன்மாதிரியாக ஒன்று செய்து காட்டாமல் விட்டது பிழை. மின்தடை வந்தால் மேசை விசிறியும் நின்றுவிடும் என்பது தனிக் கதை.

கடைசியில் கேட்டது

எட்டாவது பாடவேளையில் இரண்டு கேள்வி. முதலாவது புதிது. கால்வாய்த் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் ஆற்றிலிருந்து 115 அடி உயரம், ஏறக்குறைய 35 மீட்டர். அங்கிருந்து 1 லிட்டர் தண்ணீர் விழுந்தால் எவ்வளவு ஆற்றல், ஒரு 9 வாட் எல்இடி பல்பை எவ்வளவு நேரம் எரிக்கும்? 343 ஜூல், இழப்பே இல்லையென்றால் 38 வினாடி. பெரும்பாலோர் சரியாகப் போட்டார்கள். சிலர் 38-க்குப் பக்கத்தில் "இவ்ளோ கிடைக்காது" என்று எழுதிக் கோடிட்டிருந்தார்கள். கேட்கப்படாத அந்தக் குறிப்புக்கு மதிப்பெண் கொடுத்தது நியாயம்.

இரண்டாவது, முதல் நாள் கேட்ட அதே மேலே வீசிய பந்து. மேல்நோக்கிய அம்பு குறைந்தது, மறையவில்லை. கோலி, கப், ரப்பர் எல்லாவற்றையும் சரியாக எழுதிய சிலரே இங்கே பழைய அம்பைப் போட்டார்கள். அவர்களிடம் "அந்த அம்பு எந்தப் பொருள் பந்துக்குக் கொடுக்கும் விசை?" என்று ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது. இருவர் "கை" என்று சொல்லிவிட்டுத் தாங்களே அடித்தார்கள். ஒருவன் அடிக்கவில்லை, "பந்துக்கு உள்ள ஒண்ணு இருக்கு சார்" என்றான். அவன் தாளில் அம்பை அப்படியே விட்டு, பக்கத்தில் 'இயக்க ஆற்றல்' என்று எழுதி, இதற்குத் திசை போட வேண்டாம் என்று சேர்த்தார்கள்.

அடுத்த ஆண்டுக்கு எழுதி வைத்த மாற்றங்கள் மூன்று. இரண்டு தராசு முதலில் வர வேண்டும். விசை என்றால் யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வி அதில்தான் இயல்பாக எழுகிறது. காற்றாடிக்கு அச்சு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கேசிங் பட்டிகளை ஆணியில் நடுவில் மாட்டித் தொங்கவிடக் கூடாது. ஒரு வெயில் காலத்திலேயே வில்லாக வளைந்துவிடும், அதில் ஓடும் கோலி 1, 3, 5, 7 சொல்லாது. சுவரோரம் தரையில் நீளவாக்கில், ஒன்றின்மேல் ஒன்றாக.